வெறும் பக்கத்துக்குக் கீழே என் பெயர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் வளர்த்தது ஐந்து பேர். நாலு நான் பெற்றது. ஐந்தாவது என் கடைசி மகள் யோகாவின் பிள்ளை, டிலக்சி. யோகா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். பிள்ளையின் தகப்பனுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் ஆகிவிட்டது. அந்தக் கதை இந்தக் கிழமைக்கு இல்லை.

போன கிழமை இந்தப் பத்திரிகையில், மூதூர் லோஞ்ச் படகில் ஒரு இடியப்ப உரலும் மூன்று உடுப்புப் பையுமாக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியதைச் சொன்னனான். இந்தக் கிழமை ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் டிலக்சிதான். இப்போது அவள் ஏழாம் ஆண்டு. எந்தக் கொப்பி என்று தெரிந்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தக் கதை வேண்டாம் அம்மம்மா. ஊர் முழுக்க வாசிக்கும். நான் எழுதமாட்டன்."

"எழுது பிள்ளை. இதில உன்ர மானமும் போகுது, என்ர மானமும் போகுது. ரெண்டும் சமமாப் போகட்டும்."

எழுதுகிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

பதினொரு பக்கம்

மூன்று வருசம் இருக்கும். கச்சான் காற்று தொடங்கியிருந்த நேரம். டிலக்சி நாலாம் ஆண்டு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "ரீச்சர் உங்களை நாளைக்கு வரட்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டபோது சப்பாத்தைக் கழற்றக் குனிந்துவிட்டாள்.

அடுத்த நாள் தோய்த்த சேலை உடுத்துக்கொண்டு போனேன். நகத்துக்குள் மா இருந்தது. அது எப்போதும் இருக்கும். ஊசியால் கிண்டினாலும் முழுக்கப் போகாது.

வகுப்பு விட்டிருந்தது. சின்னப் பிள்ளைகளின் கதிரையில் என்னை இருத்தினார்கள். முழங்கால் நாடிக்கு வந்தது. யன்னலடியில் நாலைந்து தாய்மார் பிள்ளைகளை ரியூசனுக்குக் கூட்டிப்போக நின்றார்கள். வகுப்பு ரீச்சரின் பெயர் சுபாஷினி. என் மூத்த மகனைவிட இளையவர். மேசையில் டிலக்சியின் வீட்டுப்பாடக் கொப்பியை எடுத்து வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரட்டினார்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க ஏலாது. ஆனால் எழுத்து இருக்கிற தாளும் இல்லாத தாளும் தெரியும். மேலே திகதி. அதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்ட ஒரு தலைப்பு. பிறகு தாள் முழுக்க வெளி. அடியில், எல்லாத் தாளிலும் ரீச்சர் முன்னமே முத்திரை அடித்துக் கொடுத்த ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் என் பெயர்.

அடுத்த தாள். வெளி. என் பெயர்.

அதற்கடுத்த தாள். வெளி. என் பெயர்.

எண்ணிக்கொண்டு வந்தேன். பதினொரு பக்கம். பிள்ளையின் கொப்பியில் ஒழுங்காக எழுதியிருந்தது நான் மட்டும்தான்.

"அம்மா, இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"பார்த்திட்டுத்தானே வைச்சனீங்கள்? பெட்டிக்குள்ள 'பெற்றோர் பார்வையிட்டேன்' எண்டு போட்டிருக்கு."

யன்னலடியில் ஒருத்தி மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "ஆச்சி ஓட்டோகிராப் போட்டுக் குடுத்திருக்கிறா" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். என்னைப் பற்றி இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

ரீச்சர் சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்ல வேண்டும். "அம்மா, கோவிக்காதேங்கோ" என்றார். "நாப்பது கொப்பி. மொனிற்றர் சேர்த்துக்கொண்டு வர நான் பெட்டிக்குள்ள கையெழுத்து இருக்கோ எண்டு மட்டும் பார்த்து விட்டிட்டன். என்னிலயும் பிழை. ஆனா அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினை. இனி வீட்டில வாசிக்கத் தெரிஞ்ச ஆரும் இருந்தா அவையிட்டக் கையெழுத்து வாங்கி விடுங்கோ."

"வீட்டில நானும் இவளும்தான் ரீச்சர். ரெண்டு பேரில வாசிக்கத் தெரிஞ்சது இவளுக்குத்தான்."

ரீச்சர் கொப்பியை மூடி என் கையில் தந்தார்.

மா கை

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் இந்தக் கிழவிக்குப் புத்தி மங்கி அறளை பெயர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

ஜெட்டிப் பக்கம் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு நான் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். இராச் சாப்பாட்டுக்கு. பின்னேரம் நாலு மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் ஆறு, ஆறரை வரை கை மாவுக்குள்தான். குழைத்த மா ஆறினால் உரலில் இறங்காது. இடையில் எழும்பிக் கை கழுவித் திரும்பக் குழைக்க ஏலாது. டிலக்சி வீட்டுப்பாடம் செய்கிற நேரமும் அதேதான்.

கையெழுத்தென்றால் எனக்குச் சின்ன வேலை இல்லை. என் பெயர் பரமேஸ்வரி. ஆறு எழுத்து. அதில் 'மே' என்கிற எழுத்து, கொம்பை முன்னாலே போட்டுவிட்டுப் பிறகு வர வேண்டும். நான் எத்தனையோ தரம் கொம்பை மறந்துபோய் இடுக்கில் செருகியிருக்கிறேன். ஒரு கையெழுத்து வைக்கிற நேரத்தில் ஆறு தட்டு இடியப்பம் பிழிந்துவிடுவேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் இல்லை. கை சுத்தம். காலையில் கோவிலுக்குப் போய் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்தக் கிழமைக்கு உரிய ஐந்து பக்கத்திலும் அடியில் வரிசையாகக் கையெழுத்து வைத்துவிடுவேன். டிலக்சி தாளைப் பிரட்டிப் பிரட்டித் தருவாள். "இன்னும் ரெண்டுதான் அம்மம்மா." கெட்டிக்காரி மாதிரி மை காய ஊதியும் விடுவாள்.

திங்கள் செய்யப்போகிற கணக்குக்கு ஞாயிறே கையெழுத்து. ஊரில் ஒரு மனிசரும் இப்படிச் செய்யமாட்டார்கள். நான் செய்தேன். பெருமையாகவும் இருந்தது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு கொப்பி பள்ளிக்கூடம் போகாது என்கிற பெருமை.

இதற்கு முதலும் ஒரு சின்ன அறிகுறி இருந்தது. ஒருநாள் வீட்டுப்பாடத் தாளைக் காணவில்லை என்று ரீச்சர் கேட்டபோது, "மான் திண்டிட்டுது" என்று சொன்னாளாம். வேறு ஊரில் என்றால் அடி விழும். இங்கே ரீச்சர் நம்பிவிட்டார். எங்கள் டவுனில் மான்கள் றோட்டில் மாடு மாதிரித் திரிகிறவை. கடைவாசலில் பேப்பர் தின்னும், காட்போட் தின்னும். போன வருசம் ஒரு பிள்ளையின் கொப்பியை உண்மையாகவே தின்றது. அன்றைக்கு நானும் மானைத்தான் ஏசினேன்.

பாவம் மான்.

பெருவிரல்

கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துறைமுக வீதியால் நடந்து வந்தேன். வெயில் சுட்டது. எனக்கு உறைத்தது வெயில் இல்லை. "உங்கட கையெழுத்துத்தானே?" என்ற அந்தக் கேள்வி. அதை நான் முதலும் ஒருக்கால் கேட்டிருக்கிறேன்.

சண்டைக்குப் பயந்து சம்பூரிலிருந்து வெளிக்கிட்டு முகாமில் இருந்த காலம். கூரைக்குத் தகரம் கொடுக்கிறார்கள் என்று வரிசை. மேசையில் இருந்த பெடியன் ஒரு தாளைத் தள்ளி, "இதில வையுங்கோ" என்றான். என்ன தாள் என்று நான் கேட்கவில்லை. பின்னால் நூறு பேர். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். தகரம் நாளைக்கு வரும் என்றான்.

நாளைக்கும் வரவில்லை, நாளன்றைக்கும் வரவில்லை. கேட்கப் போனபோது இன்னொருவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு தகரம் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்ததாம். "இது உங்கட பெருவிரல்தானே அம்மா?"

என்னுடையதுதான். இடப்பக்கம் வெட்டுக்காய வடுகூடத் தெரிந்தது.

அந்த மாரி முழுக்கத் தறப்பாளுக்குக் கீழே நனைந்தோம். அப்போதுதான் பக்கத்துக் கொட்டிலில் இருந்த தையல்காரப் பெண் ஒருத்தியிடம் என் பெயரை எழுதப் பழகினேன். அரிசிப் பையின் கடதாசியில், அடுப்புக் கரியால். இனிப் பெருவிரல் வைப்பதில்லை என்று சபதம். பெயர் எழுதத் தெரிந்துவிட்டால் ஒருவரும் ஏமாற்ற ஏலாது என்று நினைத்தேன்.

வெறுந்தாளில் பெருவிரல் வைத்தால் என்ன, பெயர் எழுதினால் என்ன? துறைமுக வீதியில் நடக்கும்போதுதான் அது எனக்கு விளங்கியது. எத்தனை வருசம் பிந்தி.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு மட்டும். அம்மா கண்ணை மூட, தம்பி தங்கச்சியைப் பார்க்க என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு வருசத்தில் பள்ளிக்கூடம் எங்களிடம் வீட்டிலிருந்து அதிகம் கேட்டது சாணிதான். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு மெழுக. எழுத்து வேலை எப்போதாவது சிலேட்டில் தருவார்கள். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஆற்றுக்கால் இருந்தது. இடுப்பளவு தண்ணீர். சிலேட்டைத் தலையில் வைத்துக் கடந்தாலும் தண்ணீர் தெறித்து அழிந்துவிடும். வாத்தியார், "செய்யேல்லையோ?" என்று கேட்டுப் புறங்கையில் அடிப்பார். செய்தேன் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது.

என் பேத்திக்கு நேர்மாறு. ஒன்றும் செய்யாமல் பதினொரு அத்தாட்சி.

ஒரு தவணை

வீட்டுக்கு வந்து கொப்பியைக் குசினி மேசையில் வைத்தேன். அடிக்கவில்லை. டிலக்சி அதற்கே பயந்துவிட்டாள்.

"ஏன் பிள்ளை செய்யேல்ல?"

"மறந்திட்டன்."

"பதினொரு நாளுமோ?"

"தெருவில பிள்ளையள் கெந்தித்தொட்டு விளையாடினவை. நானும் போனன்."

"அது ரெண்டு நாள். மிச்சம்?"

கொப்பியின் மூலையை மடித்து மடித்து விரித்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதல் நாள் கணக்கு விளங்கேல்ல. 'வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் செய்க' எண்டு போட்டிருந்தது. உங்களிட்டக் கேட்டா உங்களுக்குத் தெரியாது. கேட்டா நீங்கள் வெட்கப்படுவீங்கள் எண்டு விட்டிட்டன். அடுத்த நாள் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. பிறகு... லேசா இருந்துது."

(இந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. "எழுது" என்றேன்.)

வெள்ளிக்கிழமை யோகாவுக்கு லீவு நாள். மத்தியானம் போன் எடுப்பாள். அந்த வெள்ளி அவளுக்கு விசயம் நான் சொல்ல முதலே தெரிந்திருந்தது. யன்னலடியில் நின்றவர்களில் ஒருத்தி அவளுடைய சிநேகிதி.

"அம்மா, கோவிக்காதேங்கோ," என்று தொடங்கினாள். அந்தக் கிழமை எல்லாரும் எனக்கு அதையேதான் சொன்னார்கள். "டிலக்சியை மட்டக்களப்பில அண்ணி வீட்டை விடுவம். அண்ணி படிச்சவா. ஒபிஸ் வேலை. அவ இருந்து பார்ப்பா. பள்ளிக்கூடத் தவணை லீவோட அனுப்புவம்."

அந்த அண்ணி என் மருமகள். அவளைக் குறை சொல்ல ஏலாது. தங்கமான பிள்ளை. டிலக்சி அங்கே போனால் நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வயதில், நெஞ்சுச் சளியும் ஒரு பொம்மையுமாக என் மடியில் விட்டுப் போன பிள்ளை. நாலு பேரை வளர்த்துக் கரை சேர்த்தவள் ஐந்தாவதை ஏலாமல் அனுப்பினாள் என்று இருக்க எனக்கு விருப்பமில்லை. பெருமைதான். பெருமை மட்டும் என்றும் இல்லை.

"எனக்கு ஒரு தவணை தா" என்றேன்.

"அம்மா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு தவணையில பழகப்போறீங்களோ?"

"இல்லை. எனக்குக் காது இருக்கு. ஒரு தவணை தா."

நண்டுக் கண்

சட்டம் அன்றைக்கே போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து இனி இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம், நான் இடியப்பம் பிழிகிற இடத்தில் பலகையைப் போட்டு டிலக்சி இருக்க வேண்டும். செய்ய வேண்டும். செய்ததை எனக்குக் கேட்க வாசிக்க வேண்டும். முழுக்கக் கேட்ட பிறகுதான் கையெழுத்து.

"உங்கட கை மாவெல்லோ?"

"மாவோடயே வைப்பன்."

முதல் நாள் வாசித்தாள். சுற்றாடல் பாடம், மழை பற்றி. இரண்டாம் நாளும் வாசித்தாள். மூன்றாம் நாள் தமிழ்ப் பாடம். கட்டுரை எழுத வேண்டும். "எங்கள் துறைமுகம்" என்று தொடங்கிப் படபடவென்று வாசித்தாள். எங்கள் துறைமுகம் பெரியது, அதில் கப்பல்கள் வரும், மீன்கள் பல வகைப்படும், நாங்கள் அதைப் பேண வேண்டும். அழகாக முடித்துவிட்டுப் பேனையை நீட்டினாள்.

நான் உரலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"திரும்ப வாசி."

"எங்கள் துறைமுகம் மிக அழகானது. அதில் பெரிய கப்பல்கள்..."

"முதல் பெரியது எண்டாய். இப்ப அழகானது எண்டுறாய்."

"ரெண்டும்தான் அம்மம்மா."

"கொப்பியை இங்கால திருப்பு."

வெறும் பக்கம். திகதி, தலைப்பு, சிவப்புக் கோடு.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே! என்னண்டு கண்டுபிடிச்சனீங்கள்?"

சொன்னேன். வாசிக்கிறவர்களின் கண்ணை நான் வாழ்க்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்தவள். கடிதம் வந்தால் வாசிக்கிறவரின் கண்ணைப் பார்ப்பேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று வாய்க்கு முதல் கண் சொல்லும். வாசிக்கிற கண் நண்டு மாதிரி. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்; கரைக்குப் போனதும் ஒரே பாய்ச்சலில் திரும்பி வரும். டிலக்சியின் கண் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஒரே இடத்தில், தட்டில் ஆவி பறக்கிற இடியப்பத்தில் நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்தாலும் கையெழுத்து வைக்கவில்லை. அன்றைக்குக் கடைக்காரர் ஆளனுப்பிக் கேட்கிற வரை இடியப்பம் பிந்தியது. கட்டுரை முடிந்து, கண் நண்டு மாதிரி ஓடி, நான் கேட்டு முடித்த பிறகுதான் கூடை வெளிக்கிட்டது. கடைக்காரர் ஏசினார். "இண்டைக்கு வீட்டுப்பாடம் கனக்க" என்றேன். மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இன்னொன்றும் செய்தேன். பெட்டிக்குள் 'பார்வையிட்டேன்' என்று இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்க்கவில்லையே. அதை மெல்லிய கோட்டால் வெட்டி 'கேட்டேன்' என்று எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே பரமேஸ்வரி. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் வெட்டி எழுதினோம்.

லீற்றர் கணக்கு

பிறகு அந்தக் கணக்கு வந்தது.

ஒரு பாத்திரத்தில் இத்தனை லீற்றர் இத்தனை மில்லிலீற்றர் பால். அதில் இத்தனை எடுத்தால் மிச்சம் எவ்வளவு? சின்னதிலிருந்து பெரியது கழிபடாதாம். பக்கத்திலிருந்து ஒரு லீற்றர் கடன் எடுக்க வேண்டுமாம். எடுத்த ஒன்று ஆயிரம் ஆகிவிடுமாம். டிலக்சி மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் ஒவ்வொரு விடை வந்தது.

எனக்கு மா அளக்கிற கொத்துத் தெரியும், சுண்டு தெரியும். ஒரு கொத்து மாவுக்கு எத்தனை இடியப்பம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது தெரியாது.

"நிரோசாவின்ர கொப்பியைப் பார்த்து எழுதட்டோ?" என்று கேட்டாள். நிரோசா அடுத்த வளவுப் பிள்ளை. அதே வகுப்பு. "அவளின்ர அம்மா செய்து குடுத்திட்டா. எல்லாருக்கும் வீட்டில செய்துதான் குடுக்கிறவை. இல்லாட்டி ரியூசனில எழுதிவிடுவினம்."

அடுப்பில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது. நான் யோசித்தேன். பார்த்து எழுதினால் பக்கம் நிறையும். ரீச்சர் சரி போடுவார். நான் கையெழுத்து வைப்பேன். அதுவும் வெறும் பக்கம்தான். எழுத்து இருக்கிற வெறும் பக்கம்.

"நான் சொல்லுறதை எழுது" என்றேன். "இந்தக் கணக்கு எனக்கும் அம்மம்மாவுக்கும் விளங்கவில்லை."

"ஐயோ அம்மம்மா! ரீச்சர் ஏசுவா!"

"ஏசட்டும்."

"எல்லாரும் சிரிப்பினம்."

"என்னைப் பார்த்துச் சிரிச்சவைதானே. இருக்கிறனோ இல்லையோ?"

கண்ணீர் வழிய எழுதினாள். வாசித்தாள். மாக் கையால் பேனையைப் பிடித்து, கொம்பு மறக்காமல், அடியில் கையெழுத்து வைத்தேன். அன்றிரவு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இந்தப் பக்கத்தை மருமகள் கண்டால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் டிலக்சி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ரீச்சர் அந்த வரியில் விரலை வைத்து வாசித்தாராம். பிறகு, "வேற ஆருக்கு விளங்கேல்ல?" என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. எல்லாருடைய கொப்பியிலும் விடை சரி. ரீச்சர் அதே மாதிரிக் கணக்கு ஒன்றை, எண்ணை மட்டும் மாற்றிக் கரும்பலகையில் எழுதி, சரியாகச் செய்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். முதல் பிள்ளை நின்றது. இரண்டாவது நின்றது. நிரோசாவும் வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றாளாம்.

"ஆறு பேரில ஒரு ஆள்தான் செய்தது அம்மம்மா! என்னையும் கூப்பிட்டவ. நானும் நிண்டன். ஆனா தனிய இல்லை."

அன்றைக்கு ரீச்சர் அந்தப் பாடத்தை முதலில் இருந்து திரும்பப் படிப்பித்தார். தண்ணிப் போத்தல்களைக் கொண்டுவந்து ஊற்றிக் காட்டினாராம். கொப்பியில் சிவப்பால் ஒரு வரி எழுதிவிட்டிருந்தார். டிலக்சியை இரண்டு தரம் வாசிக்க வைத்துக் கேட்டேன். கண்ணையும் பார்த்தேன்.

"திரும்பவும் கற்பித்துள்ளேன். இன்று செய்து பார்க்கவும். விளங்காவிட்டால் மீண்டும் எழுதி விடவும்."

எழுதிவிட்டோம். அந்தத் தவணையில் ஐந்து தரம் எழுதினோம்.

கொப்பி மணம்

தவணை முடிவில் பெற்றோர் கூட்டம். டிலக்சி முப்பத்தொன்றாவது பிள்ளையாக இருந்தவள் பத்தொன்பதாவதாக வந்திருந்தாள். கணக்குக்கு ஐம்பத்துநாலு. முதலாம் பிள்ளை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. ஐம்பத்துநாலு. ஐம்பத்துநாலும் அவளுடையது.

ரீச்சர் கொப்பியைத் தந்தார். தாள்களின் அடி எல்லாம் விறைத்துப்போய் நின்றன. ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் மங்கலாக ஒரு விரலடையாளம், அதைச் சுற்றிச் சிவப்பரிசி மாவின் பொருக்கு. ரீச்சர் விரலால் தடவி, மணந்து பார்த்தார்.

"மாவோ அம்மா?"

"மாதான் ரீச்சர். கை கழுவ நேரமில்லை."

ஓட்டோகிராப் என்று சொன்ன அந்தத் தாய் எனக்குப் பின்னால் இருந்தவள். சும்மா இருக்கவில்லை. "ஆச்சி, இடியப்பத்துக்கும் சேர்த்து மார்க்ஸ் போட்டவையோ?"

திரும்பிப் பார்த்தேன். "உன்ர பிள்ளையின்ர கொப்பியில உன்ர எழுத்து, மகள். என்ர பிள்ளையின்ர கொப்பியில என்ர மா மட்டும்தான்."

இந்தமுறை யன்னலடியில் சிரித்தது வேறு ஆக்கள். ரீச்சர் குனிந்து மேசைலாச்சிக்குள் எதையோ தேடினார்.

ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் ரீச்சர் இல்லை. வெள்ளிக்கிழமை யோகா எடுத்தாள். மருமகளோடு எல்லாம் கதைத்துவிட்டாளாம். ஞாயிறு பஸ்ஸில் அண்ணி வருவா, உடுப்பை அடுக்கி வையுங்கோ என்றாள்.

"அடுக்குறன். முதல் ஒண்டு கேள்" என்றேன். போனைப் பலமாக்கி அலுமாரியில் சாய்த்து வைத்து, டிலக்சியிடம் கொப்பியைக் கொடுத்தேன். "முதல் பக்கத்தில இருந்து வாசி. ஒண்டும் விடக் கூடாது."

வாசித்தாள். "திகதி. கணக்கு. ஒண்டும் எழுதேல்ல. கீழ அம்மம்மாவின்ர பேர்." அடுத்தது. "ஒண்டும் எழுதேல்ல. அம்மம்மாவின்ர பேர்." பதினொரு தரம். ஏழாவதில் மூக்கை உறிஞ்சினாள். நான் நிறுத்தவில்லை. பிறகு மழை வந்தது, துறைமுகம் வந்தது, பிழையான கணக்கும் சரியான கணக்கும் வந்தது. பிறகு, "இந்தக் கணக்கு எனக்கும் அம்மம்மாவுக்கும் விளங்கவில்லை."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"யோகா?"

"நிக்கிறன் அம்மா."

பிறகு அவளே சொன்னாள். "போன மாசம் இந்த வீட்டுக்காரர் ஒரு பேப்பர் தந்தவை. அரபியில. கையெழுத்து வைக்கச் சொன்னவை, வைச்சிட்டன். என்ன பேப்பர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லேல்ல. கேக்கவும் பயமா இருந்துது."

எனக்குப் பன்னிரண்டு தகரமும் மாரி மழையும் ஒருமிக்கத் தலையில் விழுந்த மாதிரி இருந்தது.

"கேள்" என்றேன். "நாளைக்கே கேள். தமிழ் தெரிஞ்ச ஆரும் அங்க இருப்பினம். வாசிக்க வைச்சுக் கேள். விளங்காட்டி விளங்கேல்ல எண்டு சொல்லு. அதுக்கு வெட்கப்படாதை."

அவள் அழுதாளோ சிரித்தாளோ தெரியவில்லை. "அண்ணிக்கு நான் சொல்லுறன். டிலக்சி உங்களோடயே நிக்கட்டும்" என்றாள். அந்தப் பேப்பரை அவள் பிறகு கேட்டாள். அது அவளுடைய கதை. அவள் வந்து சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வரத்தான் செய்தாள். அவளுக்கென்று அவித்த இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, வரும்போது கொண்டுவந்த வெறும் பையோடேயே திரும்பிப் போனாள்.

பத்திரிகைக்காரர் ஒவ்வொரு கிழமையும் கடைசித் தாளின் அடியில் என் கையெழுத்துக் கேட்கிறார்கள். இதோ டிலக்சி எழுதி முடித்துவிட்டு, பேனையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உலையில் தண்ணீர் கொதிக்கிறது. கையெல்லாம் மா.

எங்க போறாய்? இரு. முதலிலிருந்து வாசி பிள்ளை. நான் உன்ர கண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்.